அச்சத்திற்கு அப்பால்: ஒரு ஸ்பானியப் பாடல் தரும் விடை

1927-ஆம் ஆண்டு மார்ச் 6-ஆம் நாள், தாம் ஏன் கிறிஸ்தவர் அல்லர் என்பதை விளக்கி இலண்டனில் உரையாற்றிய தத்துவ அறிஞர் பெர்ட்ரண்டு ரசல், சமயம் முதன்மையாக அச்சத்தின் மீதே எழுப்பப்பட்டது என்று வாதிட்டார். இக்கூற்றை நாம் எளிதில் புறந்தள்ளிவிட இயலாது. நரக நெருப்பை வருணித்து மக்களைப் பாவசங்கீர்த்தனத்திற்கு அழைத்த மறையுரைகள் நம் பங்குகளிலும் ஒலித்தவையே. தவறு செய்தால் சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லி வளர்க்கப்படும் குழந்தைக்கு முதன்முதலில் அறிமுகமாகும் கடவுள், தண்டிக்கும் கடவுளாகவே இருக்கிறார். அப்படியாயின், தண்டனை பற்றிய அச்சத்தை அகற்றிவிட்டால் நம் விசுவாசத்தில் எஞ்சுவது யாது? இவ்வினாவுக்கு, ரசல் பேசுவதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அச்சேறிய ஒரு சிறு பாடலில் விடை இருக்கிறது.

'சிலுவையில் அறையுண்ட கிறிஸ்துவுக்கு' என்னும் தலைப்பால் அறியப்படும் அப்பாடல், 14 அடிகளால் ஆன ஸ்பானியப் பாடல். 1628-இல் மத்ரித் நகரில் வெளியான ஒரு பக்தி நூலில் அது அச்சாயிற்று. இயற்றியவர் யார் என்பது இன்றளவும் முடிவாகவில்லை. அவிலாவின் புனித தெரேசா, புனித இஞ்ஞாசியார், மெக்சிகோவில் வாழ்ந்த அகுஸ்தினார் சபைத் துறவி மிகுவேல் தெ குவேரா எனப் பலருடைய பெயர்கள் கூறப்பட்டன. இதன் இலத்தீன் வடிவத்தை, 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து நம் முன்னோருக்கு மன்றாட்டுகளைத் தமிழில் கற்பித்த புனித சவேரியாரே பாடினார் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அதற்கு உறுதியான சான்று இல்லை. ஆயினும், கடல் கடந்து வந்து உழைத்த அவரை இயக்கிய ஆற்றல் எதுவென்று எண்ணிய மக்கள், இப்பாடலை அவருக்கே உரியதாகக் கருதியதில் ஒரு பொருத்தம் உண்டு.

பாடலின் அமைப்பு மிக எளியது. உவமைகளோ அணிநயங்களோ அதில் இல்லை எனலாம். 'உள்ளத்தை அசைத்தல்' என்னும் பொருள் கொண்ட ஒரே வினைச்சொல் மீண்டும் மீண்டும் வருகிறது. முதலில் அது இருமுறை எதிர்மறையில் வருகிறது: வாக்களிக்கப்பட்ட விண்ணகமும் தன்னை அசைக்கவில்லை, அஞ்சத்தக்க நரகமும் தன்னை அசைக்கவில்லை என்கிறார் கவிஞர். அதன்பின் அதே சொல் உடன்பாட்டுக்கு மாறுகிறது. சிலுவையில் அறையுண்டு, இகழப்பட்டு, காயமுற்ற உடலோடு தொங்கும் ஒருவரைக் காண்பதே அவரை அசைக்கிறது. பரிசு, தண்டனை என்ற இரண்டையும் பற்றிய பேச்சு நின்று, ஒருவரை நோக்கிய பேச்சு தொடங்குகிறது. இத்திருப்பமே பாடலின் உயிர்நிலை.

ரசலுக்குரிய விடையும் இங்கேயே இருக்கிறது. கிறிஸ்தவர் தம் கடவுளை நம்புவதற்கு முதற்காரணம், அவர் என்ன தருவார், என்ன செய்துவிடுவார் என்ற கணக்கு அன்று. அவர் யார் என்பதே. வலிமையால் அச்சுறுத்த வல்லவர் தம்மையே கையளித்தார் என்ற செய்தி, அச்சத்தால் விளையும் பணிவை அன்று, நன்றியால் விளையும் அன்பையே எழுப்புகிறது.

இது வாழ்க்கையோடு தொடர்பற்ற நுண்விவாதம் அன்று. விசுவாசம் தண்டனைக் கணக்கின்மீது நிற்குமானால், துன்பங்கள் யாவும் தண்டனைகளாகிவிடும். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், என்ன பாவம் செய்தாயோ என்று கேட்கும் நாவுகள் நம்மிடையே இல்லையா? பிறவிக் குருடனைக் கண்டு, பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றோரா என்று சீடர்கள் கேட்டபோது, இயேசு அவ்விரண்டையும் மறுத்தார் (யோவா 9:2-3). குற்றமற்ற ஒருவர் துன்புற்ற சிலுவையே அந்தக் கணக்கை முறித்துப்போடுகிறது. அச்சத்தால் மட்டும் நம்பியவர் துன்பம் வரும்போது கடவுளிடமிருந்து ஓடுவார். சிலுவையை நோக்கி நம்பியவருக்கோ, அத்துன்பத்திலும் போவதற்கு ஓர் இடம் இருக்கிறது.

பயன் கருதாத அன்பு கிறிஸ்தவரின் தனிச்சொத்து அன்று. ஒரு கையில் நெருப்பும் மறுகையில் நீரும் ஏந்தி, விண்ணகத்தை எரிக்கவும் நரகத்தை அணைக்கவும் புறப்பட்ட ஒரு மூதாட்டியைத் தமஸ்கு நகரில் ஒரு துறவி கண்டதாக, 1309-இல் நிறைவுற்ற புனித லூயி மன்னரின் வரலாற்றில் ஜுவன்வீல் எழுதுகிறார். எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த இசுலாமியப் பெண் ஞானி ராபியாவைப் பற்றியும் இத்தகைய கதை வழங்குகிறது. ஸ்பானியப் பாடல் இவற்றினின்று வேறுபடும் இடம் ஒன்றே: அன்பின் காரணமாக அது காயங்களைச் சுட்டிக்காட்டுகிறது.

ஆனால், விண்ணகத்தை வேண்டாமல் அன்பு செய்வது இயலுமா? திருச்சபையில் இதுபற்றிக் கடும் வழக்காடல் எழுந்ததுண்டு. தன்னலம் சிறிதும் கலவாத தூய அன்பைப் போற்றிப் பிரெஞ்சு ஆயர் பெனலோன் 1697-இல் எழுதிய நூலை ஆயர் பொசுவே எதிர்த்தார். 1699-இல் திருத்தந்தை 12-ஆம் இன்னொசென்ட் அந்நூலின் 23 கூற்றுகளைக் கண்டித்தார். நம்பிக்கை எனும் நற்பண்பைத் துறந்துவிட்டு அன்பை மட்டும் கொள்ள முடியாது என்பதே இதன் சாரம். அன்பு செய்பவர் தம் அன்பருடன் இருக்க விழைவது கூலி கேட்பதாகாது அன்றோ? கடவுள்மீது அன்பு கொள்வது பரிசை நாடி அன்று, ஆயினும் அதற்குப் பரிசு இல்லாமற்போவதும் இல்லை என்று புனித பெர்னார்து முன்னரே தெளிவுறுத்தியிருந்தார்.

நம் பாடல் இக்கண்டனத்திற்கு உட்படுமா? அதன் இறுதி அடிகளைக் கூர்ந்து நோக்கினால், உட்படாது என்றே கூறத் தோன்றுகிறது. விண்ணகமும் நரகமும் இல்லாதிருந்தாலும் என்று கவிஞர் பேசுவது ஒரு கற்பனை நிலையே. தாம் எதிர்நோக்கியிருப்பதைக் குறிப்பிடும்போதோ அவர் நிகழ்காலத்தில் பேசுகிறார். நம்பிக்கை அவரிடம் இருக்கிறது. அது அன்பின் அடித்தளம் அன்று என்பதே அவர் கூற்று. மேலும், நரகம் இல்லாவிடினும் இறைவனுக்கு அஞ்சுவதாகவே அவர் சொல்கிறார். அச்சம் ஒழியவில்லை, அதன் பொருள் மாறிவிட்டது. யோவானின் முதல் திருமுகத்தை விளக்குகையில் புனித அகுஸ்தினார் இரு மனைவியரை ஒப்பிடுகிறார்: ஒருத்தி கணவன் வந்துவிடுவானோ என்று அஞ்சுகிறாள்; மற்றவள் அவன் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சுகிறாள். இவ்விரண்டாம் அச்சம் அன்பின் மறுபக்கமே.

அப்படியாயின், நரகத்திற்கு அஞ்சி மனந்திரும்புவோரை இகழலாமா? கூடாது. 1551-இல் திரிதெந்து பொதுச்சங்கம், தண்டனைக்கு அஞ்சி எழும் நிறைவற்ற மனத்துயரும் கடவுளின் கொடையே என்று கற்பித்தது. ஊதாரி மைந்தன் வீடு திரும்பியது தந்தையின் மீதுள்ள அன்பினாலா? பசியினால்! கூலியாளாக வைத்துக்கொள்ளும்படி கேட்க எண்ணியே வந்தான். தந்தையோ, வந்த காரணத்தை வினவவில்லை. ஓடிச்சென்று தழுவிக்கொண்டார் (லூக் 15:17-20). அச்சம் வாசல்வரை அழைத்துவரலாம். வீட்டிற்குள் வாழவைப்பது அன்பே. வாசலையே வீடென்று கருதி அங்கேயே நின்றுவிடுவதுதான் நம் இழப்பு.

இத்தகைய பாடலிலும் ஒரு குறை உண்டு. அதில் இருப்பவர் இருவரே: கவிஞரும் கிறிஸ்துவும். அயலார்க்கு அங்கே இடமில்லை. உயிர்ப்பின் ஒளியும் இல்லை. 14 அடிகளில் எல்லாவற்றையும் எதிர்பார்ப்பது முறையன்று. எனினும், கண்ணால் காணும் சகோதரரிடம் காட்டாத அன்பைக் காணாத கடவுளிடம் காட்ட இயலாதென்ற யோவானின் அறிவுரையை வாசகரே சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அதற்குத் துணையாக, நம்மை அச்சுறுத்தப் பெரிதும் பயன்படுத்தப்படும் பகுதியையே மீண்டும் வாசிக்கலாம். மத்தேயு 25-ஆம் அதிகாரத்தின் இறுதித் தீர்ப்பில் வலப்பக்கம் நிற்போர் வியப்படைகின்றனர். அரசருக்கு எப்போது உணவளித்தோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. பரிசை எண்ணியோ தண்டனைக்கு அஞ்சியோ அவர்கள் அதைச் செய்யவில்லை. பசித்தவர் ஒருவரைக் கண்டார்கள், உள்ளம் அசைந்தது. அவ்வளவே.