நான்கு பந்தி விவாதம்

கண்டியிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் உயர் தர மாணவர் எழுதும் ஆங்கில விவாதக் கட்டுரைக்கு ஏறத்தாழ ஒரே உடல்தான். முதற் பந்தி தலைப்பின் பெருமையைச் சொல்லும். இரண்டாவது நன்மைகளை அடுக்கும், மூன்றாவது தீமைகளை அடுக்கும். நான்காவது இரண்டுக்கும் நடுவில் போய் நின்றுகொள்ளும். பந்திக்குப் பந்தி தாவ 'ஃபர்தர்மோர்', 'ஆன் தி அதர் ஹாண்ட்', 'இன் கன்க்ளூஷன்' என மூன்று தொடர்கள் பாடமாக்கப்பட்டிருக்கும். ரியூட்டரிக் கொப்பிகளில் தலைப்புகள் மாறுகின்றன, வார்ப்பு மாறுவதில்லை.

இந்த வார்ப்பை ஏளனம் செய்வது எளிது, நியாயமன்று. தமிழ் மொழிமூலம் படித்துவிட்டு, பரீட்சை மண்டபத்தில் சில நூறு சொற்களுக்குள் ஒரு வாதத்தை இரண்டாம் மொழியில் நிறுத்தவேண்டிய மாணவருக்கு எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்ற பதற்றத்தை அது தீர்க்கிறது. மேடைப் பேச்சின் பழக்கத்தில் பழமொழியோடு தொடங்கி, குரலை உயர்த்திக்கொண்டே போய், கைதட்டலை எதிர்பார்த்து முடிக்கும் எழுத்துக்கு அது ஒரு கடிவாளம். எதிர்த்தரப்பு என்று ஒன்று உண்டென்பதை ஒரு பந்தி ஒதுக்கியாவது நினைவூட்டுகிறது. இவை சிறிய பேறுகளல்ல. ஒதுக்கிய அந்தப் பந்தியில் என்ன நடக்கிறது என்று பார்க்கும்போதுதான் வார்ப்பின் குறை தெரியவருகிறது.

ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வோம்: கண்டியின் எசல பெரஹரா ஊர்வலத்தில் யானைகள் வேண்டுமா? கண்டிக்காரர் எவருக்கும் இதில் ஓர் அபிப்பிராயம் இருக்கும் என்பதால் சோதனைக்கு உகந்தது. வார்ப்புப்படி எழுதினால் நன்மைப் பந்தியில் பாரம்பரியம், சுற்றுலா வருமானம், பிள்ளைகளின் குதூகலம் வரும். தீமைப் பந்தியில் கால் சங்கிலி, தீப்பந்தத்தின் வெப்பம், தார் வீதி, இடைவிடாத மேளம், யானை மிரண்டால் கூட்டத்துக்கு நேரும் ஆபத்து வரும். முடிவு, யானைகளை அன்போடு நடத்திப் பெரஹராவைத் தொடரலாம் என்று அமையும். தகவலில் பிழையில்லை. ஆயினும் சங்கிலி பற்றிய குற்றச்சாட்டுக்குப் பாரம்பரியம் என்ன பதில் சொல்கிறது? சமயக் கடமையும் ஹோட்டல் வருமானமும் எப்படி ஒரே எடையோடு ஒரே வரிசையில் நிற்கின்றன? இரண்டு பந்திகளும் ஒன்றையொன்று சந்திக்கவேயில்லை. அன்போடு நடத்தலாம் என்ற முடிவை அந்த இரு பந்திகளையும் எழுதாமலே எழுதியிருக்கலாம்.

அதே தலைப்பை எடைபோட்டு எழுதினால் முதல் வேலை கேள்வியைப் பிரிப்பது. தலதா மாளிகையின் புனிதப் பேழையைச் சுமக்கும் கொம்பன் யானையும், ஊர்வலத்தின் பொலிவுக்காக நடத்தப்படும் யானைகளும் ஒரே கேள்விக்குள் அடங்கா. மரபின் தரப்புக்கு மிக வலுவான நிலம் சுற்றுலா அன்று. பேழை சுமக்கும் யானைக்குச் சடங்கிலுள்ள பதவி. நெடுங்காலம் பேழை சுமந்து 1988இல் இறந்த 'ராஜா' பதப்படுத்தப்பட்டு இன்றும் மாளிகை வளாகத்தில் வைக்கப்பட்டிருப்பது அந்தப் பதவிக்குச் சான்று. இதை ஒப்புக்கொண்டபின், ஒரு யானைக்குப் பொருந்தும் நியாயம் ஏனைய யானைகளுக்கும் நீளுமா என்று கேட்கலாம். நீளாது என்று சொல்லத் தோன்றும். உடனே தடை எழுகிறது: நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களும் தத்தம் தெய்வச் சின்னங்களை யானைமீதே கொண்டுவருகின்றன. ஆகவே தீர்ப்பு நகர வேண்டியிருக்கிறது. சடங்கின் நியாயம் ஒரு யானையோடு நிற்பதில்லை, ஐந்து வரை செல்கிறது. அதற்கு அப்பால் எண்ணிக்கையைப் பெருக்குவதற்கு அந்த நியாயத்தில் இடமில்லை. இத்தீர்ப்பை ஏற்காதவர் இருக்கலாம். ஆனால் அது எந்தப் படியில் நின்று சொல்லப்பட்டது, எந்தத் தடை அதை நகர்த்தியது என்று அவரால் விரல்வைத்துக் காட்ட முடியும். விவாதக் கட்டுரைக்கு நான் வைக்கும் முதல் அளவுகோல் இதுதான்.

மொழிநடை பற்றிய போதனையிலும் குழப்பம் உண்டு. முறைசார் ஆங்கிலம் என்றால் நீண்ட சொல் என்று கற்பிக்கப்படுகிறது. 'ப்ளெத்தோரா' இல்லாத கட்டுரைக்குக் கம்பீரம் போதாதாம். சுருக்க வடிவங்களையும் பேச்சுவழக்கையும் தவிர்க்கச் சொல்வது சரியான விதி. 'ஐ' என்று எழுதாதே என்பது பாதி சரியான விதி. அந்தத் தடைக்குப் பயந்த மாணவர் 'இட் இஸ் பிலீவ்ட் தட்' என்று எழுதும்போது நம்புகிறவர் யார் என்பது மறைந்து, பொறுப்பும் கூடவே மறைகிறது. முறைசார் நடையின் சாரம் கூற்றின் எல்லையைச் சரியாக வரைவதில் இருக்கிறது: எல்லா யானைகளுமா, பெரும்பாலானவையா, சிலவா, நேர்கிறதா, நேரக்கூடுமா. கொப்பிகள் அதிகம் கவனிக்காத பகுதியும் இதுவே.

இந்த வார்ப்பு ரியூட்டரியில் மட்டும் பிறந்ததன்று. கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் 1880இல் இங்கு வந்த நாள் முதல் ஆங்கிலக் கட்டுரை இத்தீவில் பரீட்சையின் பிள்ளையாகவே வளர்ந்தது. 1952இல் பேராதனைக்குக் குடிவந்த இலங்கைப் பல்கலைக்கழகத்தில் ஈ. எஃப். சி. லுடோவைக்கின் ஆங்கிலத் துறை நுணுகிய வாசிப்பை எழுத்துக்கு முன்நிபந்தனையாக்கியது. தரம் உயர்ந்தது, அதன் வாசல் மட்டும் ஆங்கிலம் பேசும் சிறு வர்க்கத்துக்கே அகலமாகத் திறந்திருந்தது. 1960 அளவில் கலைப் பாடங்கள் சிங்களத்துக்கும் தமிழுக்கும் மாறியபோது அந்த அநீதி ஓரளவு தீர்ந்தது. சிந்திப்பதற்கான கருவியாக ஆங்கிலக் கட்டுரைக்கு இருந்த இடமும் அதோடு போயிற்று. எஞ்சியது மொழித் தேர்ச்சியை அளக்கும் ஒரு வினா இலக்கம்.

வார்ப்புக்கு வெளியே கண்டி மண்ணில் எழுதப்பட்டவற்றை என்ன சொல்வது? நிலவியலாளராகவும் கலை வரலாற்றாசிரியராகவும் விளங்கிய ஆனந்த குமாரசுவாமியிலிருந்து தொடங்குவதே முறை. கண்டித் தலைவர்களுக்கு அவர் எழுதிய திறந்த மடலும், கண்டியிலேயே அச்சான 'பொரோட் ப்ளூம்ஸ்' என்ற சிறுநூலும் 1905ஆம் ஆண்டுக்குரியவை. பழங்கட்டடங்களையும் மரபையும் பேணுமாறு முதலாவது தலைவர்களைத் தட்டியெழுப்புகிறது. ஐரோப்பிய உடையையும் பழக்கத்தையும் இரவல் வாங்குவதை இரண்டாவது சாடுகிறது. நிலவியலாளரின் கண் இருந்ததால் அவர் கண்ட பொருளில் காலூன்றியே பேசுகிறார். கோபம் உண்டு, ஆனால் வாக்கியம் சிதறுவதில்லை. குறை என்னவென்றால் எதிர்த்தரப்பு அங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறதே தவிர சாட்சிக் கூண்டில் ஏறுவதில்லை. காலனி ஆட்சியில் வேலையும் பள்ளியும் மதிப்பும் எந்த உடைக்குக் கிடைத்தன என்ற கணக்கை, இரவல் வாங்கியவரின் வாயால் அவர் சொல்லவைக்கவில்லை. விவாதக் கட்டுரை என்ற அளவில் இவை சிறந்த வழக்குரைகள், அதற்கு மேலல்ல. 1908இல் வில்லியம் மொரிஸின் அச்சுப்பொறியில் 425 பிரதிகள் மட்டும் அச்சிடப்பட்ட 'மெடீவல் சிங்கலீஸ் ஆர்ட்' முறையியலில் இவற்றைத் தாண்டுகிறது. அதில் சான்று முன்னே நடக்கிறது, முடிவு பின்னே வருகிறது. கண்டி இராச்சியத்தின் சாதிச் சேவைக் கட்டமைப்பை அவர் கனிவோடு பார்த்த அளவுக்குக் கடுமையோடு பார்க்கவில்லை என்ற குறை அங்கும் மிஞ்சுகிறது.

பேராதனையின் திரு கந்தையா 1984இல், லுடோவைக்குக்கான பாராட்டு மலரில், ஆங்கிலத்தைச் சிங்களத்தில் 'கடுவ' என்று, அதாவது வாள் என்று, குறிக்கும் மாணவர் வழக்கை முன்வைத்து எழுதிய கட்டுரை என் அளவுகோலுக்கு இன்னும் நெருங்கி வருகிறது. ஆங்கிலத்தால் நன்மையா தீமையா என்ற கேள்விக்குள்ளேயே அது நுழைவதில்லை. வாளின் பிடி யார் கையில், வெட்டு யார் மீது என்று கேட்கிறது. தலைப்பு தரும் கேள்வியை மாற்றியமைக்கும் உரிமை கட்டுரையாளருக்கு உண்டு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இத்துறையில் குறைவு. ஆயினும் அதன் கல்விசார் ஆங்கிலம் வாளேந்தியவரை நோக்கியே பேசுகிறது, வெட்டுப்பட்டவர் கைக்கு எட்டுவதில்லை. அதையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

கண்டிக்கு வெளியே, யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் கற்பித்த சுரேஷ் கனகராஜா, மேற்கின் ஆய்விதழ்கள் விதிக்கும் எழுத்து மரபு நடுநிலையானதன்று என்று 2002இல் ஒரு முழு நூலால் வாதிட்டார். தாளுக்கும் மின்சாரத்துக்கும் தட்டுப்பாடான இடத்திலிருந்து எழுதுகிறவருக்கு அந்த மரபே ஒரு வேலி என்ற அவர் கூற்று அசைக்கக் கடினமானது. ஆனால் இதைக் கேட்டுவிட்டு, ஒழுங்கே ஆதிக்கம் என்று முடிவுகட்டும் சோம்பல் நம்மிடையே உண்டு. அவரோ அந்த மரபைக் கைவசப்படுத்தி, அதற்குள் நின்றே அதை நெகிழ்த்தியவர். முதலில் கைவசப்படுத்தல், பிறகு நெகிழ்த்தல்: வகுப்பறைக்கு எடுத்துச் செல்ல வேண்டியது அந்த வரிசையைத்தான்.

இது அந்நியக் கலை என்று தமிழ் மாணவரிடம் சொல்வதும் பிழை. இலக்கண நூலான நன்னூல் எண்ணும் எழுவகை மதங்களில், அதாவது ஆசிரியர் கொள்ளும் நிலைப்பாடுகளில், உடன்படலும் மறுத்தலும் இருக்கின்றன. பிறர் கருத்தை எடுத்துக்கொண்டு பின் களைவதும், இருவர் முரண்படும்போது ஒருபக்கம் துணிவதும் இருக்கின்றன. அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார் தன் கொள்கையைச் சுபக்கத்தில் நிறுவுமுன், பிற சமயங்களின் கொள்கைகளைப் பரபக்கத்தில் ஒவ்வொன்றாக எடுத்துவைத்தே மறுக்கிறது. பொருள்முதல்வாதியான உலகாயதன் தரப்பை அங்கே படிப்பவருக்கு ஒரு கணம் அது நியாயமாகக்கூடத் தோன்றும். எதிர்த்தரப்பைச் சொல்லும் முறைக்கு இதுவே தரம். எல்லையும் இருக்கிறது: அந்நூலின் தீர்ப்பு தொடங்குமுன்பே தெரிந்தது, எந்தத் தடையும் அதை நகர்த்தாது. சித்தாந்தத்துக்கு அது குறையன்று. விவாதக் கட்டுரை அதை அப்படியே பின்பற்றினால் குறை. பரபக்கத்தின் நேர்மையைக் கடன்வாங்கி, தீர்ப்பின் முன்முடிவை விட்டுவிடலாம்.

இனித் தீர்ப்பு. சாதாரண தரம் வரை நான்கு பந்தி வார்ப்பு இருக்கட்டும். அந்த வயதில், அந்தச் சொல்லளவில், அது செய்யும் நன்மை கூடுதல். உயர் தரத்திலும் பல்கலைக்கழகத்தின் முதலாண்டிலும் அது தடையாகிறது. அங்கே விலக்கப்பட வேண்டும். முதலில் போக வேண்டியவை பாடமாக்கிய இணைப்புத் தொடர்கள். வாதங்கள் உண்மையில் மோதிக்கொண்டால் 'ஆன் தி அதர் ஹாண்ட்' இல்லாமலே வாசகருக்கு அது தெரியும். மோதாவிட்டால் அத்தொடர் பொய்சொல்கிறது. அந்த இடத்தில் ஒரே ஒரு பயிற்சியை வைக்கலாம்: எதிர்த்தரப்பின் பந்தியை மட்டும் எழுதி, அத்தரப்பைச் சேர்ந்த சக மாணவரிடம் காட்டி, இது என் வாதம்தான் என்று அவர் ஒப்புக்கொள்ளும்வரை திருத்துவது. யானைத் தலைப்பில் மாளிகைப் பக்தரான நண்பர் ஒப்பாத பந்தி பந்தியாகாது.

இப்படி எழுதிய கட்டுரைக்குப் புள்ளியிடுவது கடினம் என்ற ஆட்சேபம் எனக்குத் தெரிகிறது. அது உண்மையான ஆட்சேபம். வார்ப்புக் கட்டுரையில் பந்தியை எண்ணி, இலக்கணப் பிழையை வட்டமிட்டுவிட்டால் வேலை முடிந்தது. ஒரு தடை தீர்ப்பை நகர்த்தியதா என்று பார்க்க வேண்டுமானால் கட்டுரையை முழுதாக, சில வேளை இருமுறை, படித்தாக வேண்டும். விடைத்தாள் கட்டோடு உட்காரும் ஆசிரியருக்கு அந்த நேரத்தைக் கொடுக்காமல், அவர் கற்பிக்கும் வார்ப்பை மட்டும் குறைசொல்வது இந்தத் திறனாய்வின் நோக்கமன்று.