சுவரின் சூடும் கறையானின் சூடும்

சுவரை உடைக்காமலே வெப்பப் படக் கருவியால் கறையானைக் காட்டித் தருவதாகப் பூச்சி ஒழிப்பு நிறுவனங்கள் இப்போது விளம்பரம் செய்கின்றன. படமும் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது: நீலச் சுவரில் ஒரு செந்நிறத் திட்டு. பாலாற்றங்கரைத் தோல் ஊர்களான வேலூர், ஆம்பூர் வீடுகளுக்கு இந்த வாக்குறுதி எவ்வளவு பொருந்தும்?

கருவியின்மீது குற்றமில்லை. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்த அகச்சிவப்புக் கதிர்களுள், 8 முதல் 14 மைக்ரான் வரை அலைநீளம் உள்ளவற்றை வாங்கி, அது வெப்பநிலைப் படமாக்குகிறது. டிகிரியில் பத்தில் ஒரு பங்கு வேறுபாடும் அதற்குத் தெரியும். ஆனால் அது காண்பது மேற்பரப்பை மட்டுமே. அது எக்ஸ்ரே அன்று. உள்ளேயுள்ள சூடோ ஈரமோ மேற்பரப்பின் வெப்பநிலையை மாற்றினால்தான் படத்தில் விழும்.

ஆஸ்திரேலியாவில் மரச்சட்டத்தின்மேல் மெல்லிய ஜிப்சம் பலகை அறைந்த வீடுகள் பல. அங்குள்ள காப்டோடெர்மஸ் கறையான் மரத்துக்குள்ளும், சில வேளை சுவர் இடைவெளியிலும் கூடு கட்டும். பூச்சிகள் நெருங்கி வாழும் கூட்டின் நடுப்பகுதி சுற்றுப்புறத்தைவிடச் சூடானது. அந்தச் சூட்டை மெல்லிய பலகையால் மறைக்க முடியாது.

நம் ஊர் நிலை வேறு. இங்கு மிகுதியாக உள்ள ஓடன்டோடெர்மஸ் கறையானுக்குக் கூடு மண்ணில். வீட்டுக்குள் வருபவை இரை தேடும் வேலைக்காரப் பூச்சிகளே. அவற்றுக்கென்று தனி உடற்சூடு கிடையாது. ஒன்பது அங்குலச் செங்கற் சுவரின் விரிசல் வழியே ஏறி அவை வாசல் நிலையை அடைகின்றன. அவற்றின் ஈர மண்தடம் சற்றுக் குளிர்ந்த கோடாகத் தெரியலாம். கசியும் தண்ணீர்க் குழாயும் அப்படித்தானே தெரியும்! போதாக்குறைக்கு, சித்திரை வெயிலில் மேற்குச் சுவர் வாங்கிய சூடு இரவில் நெடுநேரம் வெளியேறிக் கொண்டிருக்கும்.

இதில் வீணாவது பணம் மட்டுமன்று. கசிவைக் கறையான் என்று கொண்டால், நாம் உறங்கும் அறையிலேயே துளையிட்டு நஞ்சைச் செலுத்துவார்கள். படத்தில் ஒன்றும் இல்லையென்று நம்பிவிட்டாலோ, நிலை உள்ளுக்குள் செல்லரித்துக் கொண்டிருக்கும். இரண்டாவதுதான் பெரிய ஆபத்து என்பேன்.

பழைய கட்டடங்களுக்கான இந்தியத் தர விதி, ஐ.எஸ். 6313-இன் மூன்றாம் பகுதி, மண்தடங்களைத் தேடிப் பார்க்கவே சொல்கிறது. அதற்கு ஒரு டார்ச் விளக்கு போதும். ஸ்க்ரூடிரைவர் பிடியால் நிலையைத் தட்டினால், அரித்த இடம் பொள்ளலாக ஒலிக்கும். கருவியோடு ஒருவர் வருவாரானால், விடியுமுன் வரச் சொல்லுங்கள். அவர் ஐயுறும் இடத்தில் ஈரமானியையும் வைத்துப் பார்க்கட்டும். அங்கே சிறிது குத்தித் திறந்து, பூச்சியைக் கண்ணுக்குக் காட்டிய பிறகு துளையிட அனுமதியுங்கள்.