பொருந்துதலும் பொருத்துதலும்

புது மோட்டார் சைக்கிளோடு தரப்படும் கையேட்டை யாரும் இலக்கியமாக வாசிப்பதில்லை. நாற்பத்து நான்கு வயதில் முதன்முதலாகக் கியர் வண்டி வாங்கிய நான் அதை ஒரு பிரதியாகவே வாசித்தேன். எந்தப் பிரதியிடமும் பெண்ணியத் திறனாய்வு முதலில் கேட்பது, இது யாரை நோக்கிப் பேசுகிறது என்பதைத்தான். நான் வாங்கிய வண்டியின் கையேட்டில் பெண்ணுக்கென்று ஒரே ஒரு படம் இருந்தது. சேலை கட்டியவள் பின்னிருக்கையில் ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கிறாள். முந்தானை சக்கரத்தில் சிக்காமல் பார்த்துக்கொள்ளும்படி கீழே ஓர் எச்சரிக்கை.

சட்டத்தின் கண்ணும் இந்தப் பின்னிருக்கையில்தான் நிற்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, பின்னிருக்கை உள்ள மோட்டார் சைக்கிளுக்குக் கைப்பிடியும், கால் வைக்கும் இடமும், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும் வேண்டும் என்கிறது. பின்னால் அமர்பவரின் உடை சக்கரத்தில் சிக்காதிருப்பதற்கான ஏற்பாடு அது. விதியில் பெண் என்ற சொல் இல்லை. ஆனாலும் அந்தத் தடுப்புக்கு நாம் வைத்த பெயர் சேலை கார்டு. தேவையான விதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெண்ணை வெளிப்படையாக மனத்தில் வைத்துப் பொருத்திய இரும்பு பின்சக்கரத்து ஓரத்தில்தான் இருக்கிறது, கைப்பிடியில் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

கைப்பிடியைப் பிடிக்க வருகிறவளுக்குக் கிடைக்கும் முதல் சொல், "உங்க ஹைட்டுக்கு இது செட் ஆகாது மேடம், ஸ்கூட்டியே பாருங்க." பணம் கட்டியபிறகு கிடைக்கும் இரண்டாவது சொல், "ஓட்ட ஓட்டச் சரியாயிடும், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." இந்த இரண்டாவது சொல்தான் என்னை எழுத வைத்தது. பிறந்த வீட்டில், புகுந்த வீட்டில், பேருந்து இருக்கையில், பணியிடத்தில் என்று நாம் கேட்டுச் சலித்த சொல். தமிழில் அதற்கு அனுசரித்துப் போதல் என்று மரியாதையான பெயரும் உண்டு. உலகம் இருந்தபடி இருக்கும், நீ உன்னைக் குறுக்கிக்கொள் என்பது அதன் பொருள்.

கையேட்டைத் தொடர்ந்து படித்தால் அதே சொல் நேரெதிரான பொருளில் வருகிறது. அங்கே அட்ஜஸ்ட் செய்யப்படுவது இயந்திரம். கிளட்ச் லீவரைப் பிடித்திருக்கும் கவ்வியைச் சற்றுத் தளர்த்தி, மணிக்கட்டு மடங்காத கோணத்துக்கு லீவரைத் திருப்பலாம். கிளட்ச் கேபிளின் தொய்வைக் கையேடு சொல்லும் அளவுக்குள் கூட்டினால் வண்டி நகரத் தொடங்கும் புள்ளி கைப்பிடிக்கு அருகே வரும். விரல் குட்டையானவர்கள் லீவரை நுனிவிரலால் தொங்கிப் பிடிக்க வேண்டியதில்லை. அளவை மீறித் தளர்த்தினால் கிளட்ச் முழுதாக விடுபடாமல் கியர் இறுக்கமாக விழும். பின்பக்க ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை டூல் கிட்டில் உள்ள கொக்கி ஸ்பேனரால் படிப்படியாக இளக்கலாம். உடல் எடை குறைந்தவர் உட்காரும்போது வண்டி இன்னும் கொஞ்சம் அமிழ்ந்து கொடுக்கும். கியர் மிதி, பிரேக் மிதி, கண்ணாடி எல்லாம் அசையக்கூடியவை.

என் வண்டியின் இருக்கை உயரம் 790 மில்லிமீட்டர். என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். முதல் ஞாயிறு கல்லூரி மைதானத்தில் முதல் கியரிலேயே சுற்றியபோது நாற்பது நிமிடத்தில் இடது கை மரத்துப்போனது. எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் மேற்சொன்னவற்றைச் செய்து முடிக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அடுத்த ஞாயிறு ஒரு மணி நேரம் ஓட்டினேன், கை வலிக்கவில்லை. இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படிய வேண்டும் என்பதும் கட்டாயமல்ல என்று அவர்தான் காட்டினார். இடுப்பை இடப்பக்கம் சற்று நகர்த்தி, வலது காலைப் பிரேக்கில் வைத்து, இடது காலை மட்டும் ஊன்றி நிறுத்தினால் போதும். ஒரே வாரத்தில் என் உடல் வளரவில்லை, கை நீளவில்லை. செட் ஆகாது என்று என் உடலின்மீது சொல்லப்பட்ட தீர்ப்பு, யாரும் திருகாமல் விட்ட நான்கைந்து திருகாணிகளைப் பற்றியது.

கையேட்டில் இன்னொரு பகுதி உண்டு. முதல் 500 கிலோமீட்டருக்குப் புது என்ஜினை வேகமாக விரட்டக் கூடாது, ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டக் கூடாது, பாரம் ஏற்றக் கூடாது. உள்ளே பிஸ்டன் வளையங்களும் சிலிண்டரும் ஒன்றோடொன்று உரசிப் படிய அவகாசம் வேண்டுமாம். அதன்பின் எண்ணெய் மாற்றி முதல் சர்வீஸ். புது இரும்புக்கு இவ்வளவு பொறுமை. புது மருமகளுக்கு மறுநாள் விடியற்காலையிலேயே அடுப்படி.

மோட்டார் சைக்கிளைப் பற்றி உலகம் கொண்டாடும் நூல்களிலும் இந்த நான்கைந்து திருகாணிகளைத் தேடினேன். ராபர்ட் பிர்சிக்கின் ‘ஸென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’ 1974இல் வந்தது. வண்டியைக் கவனித்துப் பேணுவதையே தத்துவமாக்கிய நூல். வால்வையும் செயினையும் இவ்வளவு அன்போடு பேசிய எழுத்து குறைவு. கதைசொல்லிக்குப் பின்னால் மகன். உடன் வரும் இணையரில் ஜான் ஓட்ட, சில்வியா பின்னால். சேகுவேரா 1952இல் நண்பர் கிரனாடோவோடு பழைய நார்ட்டன் வண்டியில் கிளம்பிய பயணத்தில் வண்டி சிலியில் உயிரை விடுகிறது. இந்த நூல்களில் பழுது எப்போதும் வண்டியில் இருக்கிறது. ஓட்டுகிறவரின் உடலுக்கும் வண்டிக்கும் இடைவெளி இருக்கலாம் என்பது ஒரு பிரச்சினையாகவே எழுவதில்லை. அந்த இடைவெளியை வடிவமைப்பாளர் அவர்களுக்காக முன்பே அடைத்துவிட்டார். பராமரிப்பு பற்றிப் பேசும் உரிமை, பொருத்தம் ஏற்கெனவே கிடைத்தவர்களுக்கு எளிது.

நம் பெண்கள் எழுதாமலே செய்துகாட்டிய ஒன்று இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் ஏராளமான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அதைப் பற்றி எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், சில பெண்கள் ஆண்கள் சைக்கிளையே விரும்பியதைப் பதிவு செய்கிறார். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் உள்ள குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது அவர்கள் சொன்ன காரணம். சேலைக்கு ஒவ்வாது என்று லேடீஸ் சைக்கிளில் எடுக்கப்பட்ட கம்பி, அவர்கள் கையில் பிள்ளையின் இருக்கையானது. தனக்கேற்ற வண்டி எது என்பதை ஓட்டுகிறவள் முடிவு செய்தாள்.

வகுப்பில் தன்வினை, பிறவினை நடத்தும்போது ஓடு–ஓட்டு, திருந்து–திருத்து, அடங்கு–அடக்கு என்று எழுதிப் போடுவோம். பொருந்து–பொருத்து என்பதும் அந்த வரிசைதான். மெல்லினம் இருந்த இடத்தில் வல்லினம் வந்தால் வினையைத் தாங்குகிறவள் வினையைச் செய்விக்கிறவள் ஆகிறாள். நமக்குப் பழக்கிய வினைகள் பெரும்பாலும் முதல் வகை. பொருந்து, அடங்கு, திருந்து. இரண்டாவது வகைக்கு ஒரு ஸ்பேனரும், அதைத் தொட அனுமதி கேட்காத கையும் தேவைப்படுகின்றன.

இதைத் தனிமனிதத் துணிச்சலின் கதையாக முடித்துவிடக் கூடாது. திருகாணிக்கும் எல்லை உண்டு. லீவரின் தூரத்தை விரலுக்கேற்ப மாற்றும் சிறு சக்கரம் விலை கூடிய வண்டிகளில் இருக்கிறது. கூலி வேலைக்கும் துணிக்கடை வேலைக்கும் போகும் பெண் தவணையில் வாங்கும் வண்டியில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. அவளுக்கு வேண்டியது பாராட்டல்ல, அந்தச் சக்கரம். அதுவரை மாணவிகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வண்டி எடுக்கும் நாளில் சாவியை வாங்கியதும் கிளம்பிவிடாதீர்கள். வண்டியில் உட்கார்ந்து, கிளட்சைப் பிடித்துப் பார்த்து, எது எட்டவில்லை என்று சொல்லுங்கள். எட்டும்வரை திருகச் சொல்லுங்கள். அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க என்றால், எதை என்று கேளுங்கள்.