ரீப்ளேயில் ரோசமண்ட் பைக்

2018 நவம்பரில் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்த ‘எ பிரைவேட் வார்’ திட்டக்குடிப் பக்கம் எட்டிப் பார்க்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். வெள்ளாற்றங்கரை ஊர்களுக்கு இந்த மாதிரிப் படங்கள் வந்து சேரும் வழி டிஸ்க்கும் செல்போனும்தான். 2019 தொடக்கத்தில் வீட்டுத் திரைக்கு வந்த இந்தப் படத்துக்கு அது நஷ்டமில்லை. நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி போட்டுப் பார்க்கும்போதுதான் ரோசமண்ட் பைக் ஆடிய ஆட்டம் முழுதாகப் பிடிபடுகிறது.

அவர் ஏற்றது ‘சண்டே டைம்ஸ்’ போர் நிருபர் மேரி கொல்வின் வேடம். தமிழர்களுக்குப் பழகிய பெயர். 2001 ஏப்ரல் 16 இரவு, புலிகளின் பிடியிலிருந்த வன்னியிலிருந்து இலங்கை ராணுவப் பகுதிக்குக் கடக்கும்போது, ‘பத்திரிகையாளர்’ என்று கத்திய பிறகும் ராணுவம் ஏவிய குண்டு அவருடைய இடது கண்ணைப் பறித்தது. அந்த நிலையிலும் குறித்த நேரத்துக்குள் சுமார் 3,000 சொற்களில் கட்டுரை அனுப்பினார். கறுப்புக் கண்மறைப்பு அன்றிலிருந்து அவருடைய அடையாளம்.

நடிகையின் பாதி ஆயுதத்தை அந்தத் துணி பிடுங்கிக்கொள்கிறது. பைக் அதற்கு ஈடுகட்டுவது குரலால். சிகரெட்டும் மதுவும் அரித்த, கரகரத்துத் தாழ்ந்த குரல். அதைச் சோதிக்க வீட்டில் ஒரு வசதி உண்டு. 2012 பிப்ரவரி 21 இரவு, சிரியாவின் ஹோம்ஸ் நகரிலிருந்து சி.என்.என். அலைவரிசையின் ஆண்டர்சன் கூப்பரிடம் கொல்வின் பேசிய அசல் பதிவு இணையத்தில் இருக்கிறது. குண்டடிபட்டுச் செத்த ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறார். படக் காட்சியையும் அதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். அழ வாய்ப்புள்ள இடத்தில் பைக் அழவில்லை, அசலைப் போலவே. மறுநாள் காலை கொல்வினும் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ரெமி ஓஷ்லிக்கும் பீரங்கித் தாக்குதலில் இறந்தார்கள்.

இயக்குநர் மேத்யூ ஹைன்மன் ஆவணப்பட ஆள். ‘கார்ட்டல் லேண்ட்’ எடுத்தவர். ஹோம்ஸின் நிலவறைக் காட்சியில் நிஜ சிரிய அகதிகளையே உட்காரவைத்தார். அவர்கள் பேச, பைக் காதுகொடுத்துக் கேட்கிறார், அவ்வளவுதான். நிருபர் வேடத்தில் கடினமான வேலை அதுவே. ‘மெட்ராஸ் கஃபே’ (2013) படத்தில் நர்கிஸ் ஃபக்ரி நடித்த பத்திரிகையாளர் கேள்விகள் கேட்பார். பதில் அவருக்குள் இறங்கியதாகத் தெரியாது. (எதிர்ப்பு காரணமாகத் தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் அந்தப் படத்தைத் திரையிடவில்லை. இங்கே பார்த்தவர்களும் வீட்டில்தான் பார்த்தார்கள்.)

இனி குறை. வன்னிப் பகுதி மிகச் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. தமிழர்கள் ஓரமாக வந்து போகிறார்கள். அதைக்கூடப் பொறுக்கலாம். படத்தின் 2009 நேராக ஆப்கானிஸ்தானுக்குப் போய்விடுகிறதே, அதுதான் பெரிய சறுக்கல். அந்த ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலிலிருந்து புலிகளின் அரசியல் பிரிவுத் தலைவர் நடேசன் சாட்டிலைட் போனில் தொடர்புகொண்டது கொல்வினைத்தான். சரணடைய உத்தரவாதம் கேட்டார். கொல்வின் அதை ஐ.நா. அதிகாரி விஜய் நம்பியாரிடம் கொண்டுபோனார். மே 18ஆம் தேதி நடேசன் உயிரோடு இல்லை. நடந்ததை கொல்வின் மே 24ஆம் தேதி ‘சண்டே டைம்ஸ்’ இதழில் எழுதினார்.

ஒரு அறை, ஒரு போன், மறுமுனையில் சாகப்போகும் மனிதர்கள். போர்க்களத்து செட் எதுவும் தேவையில்லை. கேட்பதிலேயே இவ்வளவு செய்யத் தெரிந்த நடிகைக்கு இதைவிடத் தோதான காட்சி அமைந்திருக்காது. திரைக்கதை அதைத் தொடவே இல்லை.

பைக்குக்கு கோல்டன் குளோப் பரிந்துரை கிடைத்தது. விருது ‘தி வைஃப்’ படத்துக்காக கிளென் க்ளோஸுக்குப் போனது. ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் பைக்கின் பெயரே இல்லை. நடுவர்கள் அவரைக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். படம் கொல்வினின் வாழ்க்கையை, குறிப்பாக அதில் தமிழருக்கு இருந்த பங்கை, அதைவிடக் குறைவாக மதிப்பிட்டது.