தூறலுக்குக் கிடைத்த நற்பெயர்

எந்த மழை நல்ல மழை என்று கேட்டால் பெரும்பாலானோர் தூறலின் பக்கம்தான் சாய்வார்கள். நின்று நிதானமாகப் பெய்கிற மழை மண்ணுக்கு இதம், ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கிற மழை நாசம் என்பது பள்ளிக்கூடப் பாடம் வரை ஏறிவிட்ட நம்பிக்கை. தமிழ்ச் சினிமாவும் தன் பங்குக்குத் தூறலைக் காதலுக்கும் இடிமழையைக் கொலைக்கும் ஒதுக்கி வைத்திருக்கிறது. இந்த விருப்பத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அந்த நியாயம் சரிவான நிலத்தில் பிறந்தது. மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, திருகோணமலை வீதியோரம் கிடக்கும் சித்தாண்டியையும் அதன் மேற்கே விரியும் வயல் வட்டைகளையும் அதே அளவுகோலால் அளந்தால் கணக்குப் பிழைத்துவிடும். வேளாண்மை, கூலி வேலை, வெள்ள ஆபத்து மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், இடையிடையே வெயில் விட்டுக் கொட்டுகிற மழைதான் நாட்கணக்காக ஓயாத தூறலைவிட இந்த ஊருக்கு உகந்தது.

முதலில் தூறல் கட்சியின் பலமான வாதத்தையே எடுத்துக்கொள்வோம். தூறல் துளியின் விட்டம் அரை மில்லிமீற்றருக்கு மேல் போவதில்லை. அது செக்கனுக்கு இரண்டு மீற்றர் வேகத்தில் இறங்கும். பெருமழைத் துளி ஐந்து மில்லிமீற்றர் வரை பருத்து, ஒன்பது மீற்றர் வேகத்தில் விழும். எடையில் 1,000 மடங்கு, வேகத்தின் வர்க்கத்தில் 20 மடங்கு. ஆக ஒரு பெருந்துளி மண்ணில் அறையும் இயக்க ஆற்றல் தூறல் துளியினதைப் போல ஏறத்தாழ 20,000 மடங்கு. நுவரெலியாவிலோ பதுளையிலோ, வெறுமையான மலைச்சரிவில், இந்த அடி மேல்மண்ணைப் பெயர்த்துக்கொண்டு போகும். அங்கே தூறலை விரும்புவது அறிவுடைமை. சித்தாண்டி வயலில் நிலைமை வேறு. மாரி நடுவில் வயலில் நீர் நிற்கிறது. துளியின் அடியை அந்த நீர்தான் வாங்குகிறது. ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீற்றர் கொட்டினால் ஓர் ஏக்கரில் விழுவது சுமார் இரண்டு இலட்சம் லீற்றர். கேட்கப் பயமாக இருக்கலாம், ஆனால் அதன் உயரம் இரண்டு அங்குலம்தான். ஒரு சாண் வரம்பு அதைத் தாங்கும். தட்டை நிலத்தில் வரம்பு கட்டி நெல் விளைவித்த தலைமுறைகள் கொட்டுகிற மழையைப் பிடித்து வைக்கத்தான் வயலை அப்படி அமைத்தார்கள். மட்டக்களப்பின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,650 மில்லிமீற்றர். அதில் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களில் விழுந்துவிடுகிறது. மீதி ஆண்டுக்கும் இதைத்தான் சேமிக்க வேண்டும். சேமிக்கும் இடம் குளம். உலர்ந்த காட்டில் விழும் தூறல் இலையிலும் மேல்மண்ணிலும் அடங்கிவிடும், ஓடிக் குளத்தைச் சேராது. உறுகாமம், உன்னிச்சைக் குளங்களில் நீர்மட்டம் ஏறுவதற்குக் காடு வழியாக நீர் ஓட வேண்டும், ஓடுவதற்கு அடித்துப் பெய்ய வேண்டும். சிறுபோகத்துக்குக் கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் வாய்க்காலில் இறங்குகிற தண்ணீர் அப்படிச் சேர்ந்ததுதான்.

பயிரின் பக்கமிருந்து பார்த்தால் வாதம் இன்னும் உறுதிப்படுகிறது. நெற்பூ முற்பகலில், பெரும்பாலும் ஒன்பது மணிக்கும் நண்பகலுக்கும் இடையில் விரிந்து மூடுகிறது. பின்னேரம் இடித்துப் பெய்து ஓய்கிற மழை அந்த நேரத்தைத் தொடுவதில்லை. காலையிலிருந்து சிணுங்குகிற தூறல் சரியாக அந்த வேளையில் மகரந்தத்தை நனைத்து நெல்லைப் பதராக்குகிறது. எரிபந்த நோய்க்கு வேண்டியதும் நெடுநேரம் ஈரம் காயாத இலைதான். ஒரு மணி நேர மழைக்குப் பின் அடிக்கிற வெயில் அதைக் காய வைக்கும், மூடிய வானத்துத் தூறல் காய விடாது. களைநாசினி தெளிப்பதற்கும் சில மணி நேரமாவது மழையில்லா இடைவெளி வேண்டும். அறுவடை பற்றிச் சொல்லவே வேண்டாம். முற்றிய கதிர் நாட்கணக்கில் நனைந்தால் நின்ற நிலையிலேயே முளைக்கும். சேறு இறுகாத வயலுக்குள் அறுவடை இயந்திரம் இறங்காது. கூலிக்காரரின் கணக்கும் இதுவே. மூன்று மணிக்குக் கொட்டுகிற மழை அரை நாள் சம்பளத்தைத் தின்னும். நாள் முழுக்கத் தூறினால் மேசனுக்கும் கையாளுக்கும் முழு நாளும் போய்விடும். தூறலின் அழகைப் பற்றிப் பேசுகிறவர்களில் மாதச் சம்பளக்காரர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இங்கே ஒரு மறுப்பு எழும்: வெள்ளம்? 2011ஐ மறந்துவிட்டா பேசுவது? அந்த ஆண்டின் ஜனவரியில் ஒரு முறையும் பெப்ரவரித் தொடக்கத்தில் மறுமுறையும் வெள்ளம் வந்தது. நாடு முழுவதும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், மட்டக்களப்பு மாவட்டம் மிக மோசமாக அடிபட்டது, கிழக்கின் பெரும்போக வேளாண்மை அழிந்தது. கனமழை நாட்கள் அதில் இருந்தன என்பது உண்மை. ஆனால் 2011ஐத் தனி ஒரு கொட்டுமழையின் கதையாகப் படிப்பது பிழை. வாரக்கணக்காக விடாமல் பெய்ததில் மண் நிறைந்து, குளங்கள் வான் பாய்ந்து, மட்டக்களப்பு வாவியின் மட்டம் உயர்ந்திருந்த நிலத்தின் மேல்தான் பெருமழை விழுந்தது. ஒரு நாளைக்கு 25 மில்லிமீற்றர் வீதம் ஐந்து நாள் தூறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 125 மில்லிமீற்றர் யாரையும் திடுக்கிட வைக்காமல் நிலத்துக்குள் போய்விடுகிறது. ஆறாம் நாள் வருகிற கொட்டுமழைக்கு இடமே இல்லை. சந்தனமடு ஆறு நிரம்பி ஈரளக்குளம், பெருமாவெளிப் பக்கத்துக்குப் போக்குவரத்து அறுகிறபோது பழி ஆறாம் நாளின் மேல் விழுகிறது. முதல் ஐந்து நாளும் நல்ல மழை என்ற பெயரோடு தப்பிக்கொள்கின்றன. தூறல் விருப்பத்தின் பெரிய குறையாக எனக்குப் படுவது இந்த அசட்டைதான். விருப்பம் அவரவர் ரசனை, அதை ஏன் தராசில் வைக்க வேண்டும் என்று கேட்கலாம். எப்போது சாமான்களை மேலே ஏற்றுவது, எப்போது மாட்டை மேட்டுக்கு ஓட்டுவது என்பதையெல்லாம் அந்த ரசனையே தீர்மானிப்பதால்தான்.

ஆனாலும் தூறலுக்கு உரிய இடத்தை மறுக்க முடியாது. ஐப்பசியில் புழுதி விதைப்பு முடிந்த கையோடு அடித்துக் கொட்டினால் விதைநெல் பள்ளத்துக்கு அள்ளுண்டு போகும், மூழ்கிய இடத்தில் அழுகும், மறுவிதைப்புச் செலவு தலையில் விழும். அந்த இரண்டு மூன்று வாரங்களுக்கு மண்ணை நனைத்து நனைத்து விடுகிற தூறலுக்கு ஈடில்லை. கூரை பலவீனமான வீட்டுக்காரருக்கும் கொட்டுமழை கொடுமைதான், ஆனால் அது கூரையின் குறை. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைச் சிதைத்தது போன்ற சூறாவளியின் மழையை இந்த ஒப்பீட்டுக்குள் இழுப்பதும் சரியல்ல. அங்கே காற்றும் சேர்ந்து அழிக்கிறது.

வானிலை அறிவித்தலும் தூறலுக்கும் கொட்டுமழைக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவிப்பதில்லை. காலை எட்டரையிலிருந்து மறுநாள் காலை எட்டரை வரை விழுந்தது இத்தனை மில்லிமீற்றர் என்ற ஒரே எண், ஒரு மணி நேரத்தில் கொட்டிய நூறையும் இருபது மணி நேரம் தூறிய நூறையும் ஒன்றாகவே காட்டும். வயலுக்கும் மதகுக்கும் இரண்டும் ஒன்றல்ல. சூடாகும் காற்று ஒரு பாகைக்கு ஏறத்தாழ ஏழு சதவீதம் கூடுதல் நீராவியைச் சுமக்கும்; ஆகவே கொட்டுமழை இனி கூடத்தான் செய்யும், நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். தூர்ந்த வடிச்சல் வாய்க்காலை ஐப்பசிக்கு முன் வெட்டிவிட்டால் அந்த மழையின் பாதித் தீமை குறையும். வாவி நீர் கடலுக்கு வடிய முகத்துவாரம் வெட்டும் விவாதமும் அப்படியே. விவசாயிகள் சீக்கிரம் வெட்டச் சொல்வார்கள், மீனவர் பொறுக்கச் சொல்வார்கள். வயலில் தண்ணீர் ஏறிய பிறகுதான் பேச்சுச் சூடு பிடிக்கும். முந்திய பத்து நாளில் சத்தமில்லாமல் சேர்ந்த தூறலைக் கூட்டிப் பார்த்து அந்தப் பேச்சைத் தொடங்கினால், இரு தரப்புக்கும் யோசிக்கச் சில நாட்களாவது மிஞ்சும்.