தாமதம் குற்றமன்று, சமமின்மையே குற்றம்

திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தில் சிதம்பரம் செல்லும் வண்டிக்காக நிற்கிறீர்கள். வண்டி 10 நிமிடம் தாமதமாகப் புறப்பட்டு, சிதம்பரத்தையும் 10 நிமிடம் தாமதமாகவே அடைகிறது. பயண நேரம் மாறியதா? இல்லை. 10 நிமிடம் தாமதமாகப் புறப்பட்ட வண்டி 2 நிமிடத் தாமதத்துடன் போய்ச் சேர்ந்தால்? பயண நேரம் 8 நிமிடம் சுருங்கிவிட்டது!

இந்த எளிய வேறுபாட்டை மின்னணுவியல் பாடங்கள் போதிய அளவு சொல்வதில்லை என்பதே நமது குறை.

இன்வெர்ட்டரிலும் மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியிலும் மாஸ்ஃபெட், ஐஜிபிடி போன்ற மின்னணுச் சுவிட்சுகள் உள்ளன. அவற்றை இயக்கும் சுற்றே கேட் டிரைவர். கட்டளைத் துடிப்பின் அகலம்தான் சுவிட்சு எவ்வளவு நேரம் திறந்திருக்கும், மூடியிருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. துடிப்பின் ஏறுமுகமும் இறங்குமுகமும் வெவ்வேறு அளவு தாமதமானால் அகலம் மாறிவிடும். இதுவே துடிப்பு அகலப் பிறழ்வு.

பாடநூல் படங்களிலோ துடிப்பின் சுவர்கள் செங்குத்தாகவே நிற்கின்றன. சில்லுகளின் விளம்பரமும் தாமதம் எவ்வளவு குறைவு என்பதையே முழங்குகிறது. பிறழ்வு உள்ளே அட்டவணையில் ஒரு வரியாகக் கிடக்கிறது.

பலரும் அறிந்த எச்சிபிஎல்-3120 என்னும் ஒளியிணைப்பு டிரைவரைப் பாருங்கள். அதன் உச்சத் தாமதம் 0.5 மைக்ரோ விநாடி. உச்சப் பிறழ்வு 0.3 மைக்ரோ விநாடி. 10 கிலோ ஹெர்ட்சில் ஒரு சுழற்சி 100 மைக்ரோ விநாடி. அதில் 0.3 என்பது வெறும் 0.3 சதவீதம். பழைய பாடங்கள் இதைப் புறக்கணித்ததை மன்னிக்கலாம். ஆனால் சிலிக்கான் கார்பைடு, காலியம் நைட்ரைடு சுவிட்சுகள் வந்துவிட்ட இன்று 500 கிலோ ஹெர்ட்ஸ் அரிதன்று. அங்கே சுழற்சி 2 மைக்ரோ விநாடிதான். அதே பிறழ்வு 15 சதவீதம் ஆகிவிடும்!

பின்னூட்டம் உள்ள சுற்று இதை ஓரளவு தானே சரிசெய்துகொள்ளும் என்பீர்கள். உண்மைதான். ஆனால் வேறோர் ஆபத்து உண்டு. மேல் சுவிட்சும் கீழ்ச் சுவிட்சும் ஒரு கணம் சேர்ந்து மூடினால் மின்வழி குறுக்கிடும், இரண்டும் எரியும். இதைத் தடுக்கவே இடையில் ஓய்வு நேரம் விடுகிறோம். இதற்குரிய அளவு பிறழ்வன்று. இரு டிரைவர்களுக்கிடையே உள்ள தாமத வேறுபாடு. மேற்சொன்ன சில்லுக்கு அது 0.35 மைக்ரோ விநாடி வரை போகலாம். ஒரே சில்லின் குறையையும் இரு சில்லுகளின் பொருத்தமின்மையையும் ஒன்றாகக் குழப்புவது இப்பாடங்களின் இன்னொரு பிழை.

விளைவை அனுபவிப்பவர் யார்? பாலிடெக்னிக் மாணவர். வரைபடம் சரி, இணைப்பும் சரி. ஆயினும் சுவிட்சு எரிகிறது. காரணம் தெரியாமல் இன்னொன்று வாங்குகிறார். அதுவும் எரிகிறது. விலை கொடுத்தவர் அவர், தவறு பாடத்தினுடையது.

ஆகவே, வாசகர்களே, அடுத்த முறை டிரைவர் வாங்கும்போது "எவ்வளவு வேகம்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். ஏறவும் இறங்கவும் ஒரே நேரம் எடுக்கிறதா? இரண்டு சில்லுகள் ஒத்துப்போகின்றனவா? எந்தக் கேட் மின்தடையுடன், எந்த வெப்பநிலையில் அளந்தார்கள்? இவற்றையும் கேளுங்கள். பாடம் எழுதுவோர் செங்குத்துச் சுவரைச் சற்றே சாய்த்து வரையட்டும். அந்தச் சாய்வில்தான் உண்மை இருக்கிறது.