பேய்க்குச் சிவப்புச் சேலை

'காஞ்சனா'வில் பேய் பிடித்த லாரன்ஸ் மஞ்சள் பூசிக் குளித்து, வளையல் மாட்டி, சேலை கட்டிக்கொண்டு வீட்டார் முன்னால் வந்து நிற்கும் காட்சியைத் தமிழ்ப் பேய்ப்படங்களின் தலையாய இடமாக வைத்தால், ரசனைக்காரர்கள் பலர் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு 'பீட்சா'வின் டார்ச் வெளிச்சம் வேண்டும், 'மாயா'வின் கறுப்பு வெள்ளை வேண்டும், 'அவள்' படத்தின் இமாசலக் குளிர் வேண்டும். இவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2009இல் 'ஈரம்' வந்தபோது அறிவழகனும் ஒளிப்பதிவாளர் மனோஜ் பரமஹம்சாவும் பெண்ணை ஒளித்துவைத்துவிட்டு, கதவிடுக்கிலும் குழாயிலும் கசியும் தண்ணீரை மட்டும் காட்டி உண்டாக்கிய அச்சம் இன்னும் உலரவில்லை. ஆனால் இந்தப் படங்களின் பயம் எந்த நாட்டு அடுக்ககத்திலும் குடியேறக்கூடிய பயம். சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கம் பழைய வீடுகளில் சாமி மூலையில் இருக்கும் பெட்டியைப் பிள்ளைகள் தொடப்போனால் பெரியவர்கள் போடுகிற அதட்டலில் உள்ள பயம் வேறு வகை. அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஒரு சேலை. தமிழ்த் திரையில் பெண் பேயின் அச்சம் முகத்திலோ பல்லிலோ இல்லை, சேலையில் இருக்கிறது. அதைச் சரியாகப் பிடித்த படம் 'காஞ்சனா' என்பதே என் கட்சி.

பேய்க்கு வெள்ளைச் சேலை என்பது நமக்குப் பழகிப்போய்விட்டதால் அது ஆதியிலிருந்தே அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த வெள்ளையின் பூர்வீகத்தைத் தேடினால் முதலில் வந்து நிற்பது பிலிம் சுருள். கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு கருஞ்சாம்பலாக இருட்டோடு கரைந்துபோகும். இரவுக் காட்சியில், மழையில், புகையில், கொஞ்ச வெளிச்சத்தையும் வாங்கித் திருப்பித் தரும் துணி வெள்ளைதான். இந்தியில் 1964இல் வந்த 'வோ கௌன் தீ' மழையில் சாதனாவுக்கு வெள்ளைச் சேலை உடுத்தியதும், அதைத் தழுவி 1966இல் வந்த 'யார் நீ'யில் ஜெயலலிதா வெள்ளையில் வந்ததும் ஒளிப்பதிவாளரின் தேவையில் பிறந்த அழகு. இன்னொரு வழி மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வந்தது. 1963இல் ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை'க்கு ஒளிப்பதிவு செய்த ஏ. வின்சென்ட், அடுத்த ஆண்டே மலையாளத்தில் பஷீரின் கதையைப் 'பார்கவி நிலையம்' என்று இயக்கினார். அதில் விஜயநிர்மலா கட்டிய வெள்ளைக்கு மலையாளத்தில் இன்றுவரை வாரிசுகள் உண்டு. கேரளத்தில் வெள்ளை என்பது பெண்கள் அன்றாடம் உடுத்திய நிறம். அங்கே யட்சிக்கு அது வீட்டு உடுப்பு. 1976இன் 'யட்சகானம்' இரண்டே ஆண்டில் 'ஆயிரம் ஜென்மங்கள்' ஆனதைப் போலக் கதைகள் மலையிறங்கி வந்துகொண்டே இருந்தன. கதையோடு துணியும் வந்தது. வின்சென்டின் வெள்ளையை நான் ரசிக்கிறேன். கலர் பிலிம் வந்து இத்தனை காலம் ஆன பிறகும் அதே வெள்ளையைக் கட்டிவிடுவதைத்தான் சோம்பேறித்தனம் என்கிறேன்.

வெள்ளை கைம்பெண்ணின் உடை, சாவின் நிறம், ஆகவே தமிழ் மனத்தில் அதற்கு வேர் உண்டு என்று ஒரு மறுப்பு எழும். கைம்பெண்ணுக்குச் சரி. ஆனால் நம் கதைகளில் பேயாகிறவள் யார்? கல்யாணத்துக்கு முன் செத்தவள், தாலியோடு கொல்லப்பட்டவள், பிள்ளைத்தாய்ச்சியாகப் போனவள். இவர்களில் ஒருத்திக்கும் வெள்ளை உரிமையில்லை. சரி, மோகினி? ஊர்ப்புறத்து மோகினிக் கதைகளைக் கவனித்தால், கதை சொல்பவர் முதலில் மல்லிகை வாசத்தைச் சொல்வார், பிறகு சலங்கைச் சத்தத்தைச் சொல்வார். பயம் மூக்கிலும் காதிலும் ஏறும். திரைக்கு வாசம் கிடையாது. அந்த இடத்தை நிரப்பத்தான் துணி வந்தது. வேண்டாத சாவு செத்த பெண்ணுக்கு இந்த வட்டாரம் உண்மையில் என்ன உடுத்துகிறது என்பதற்குச் சீலைக்காரி அம்மனே சாட்சி. மதுரையிலிருந்து விருதுநகர் வரை பல குடும்பங்களில் அவள் குலதெய்வம். அகாலமாகப் போன பெண்ணை வீட்டுச் சாமியாக்கி, அவள் பேரில் சேலை எடுத்துப் பெட்டியில் வைத்து, மாசிச் சிவராத்திரிக்கு வெளியே எடுத்துக் கும்பிடுவார்கள். மஞ்சளும் சிவப்புமாக, ஒரு சுமங்கலிக்கோ கன்னிப்பெண்ணுக்கோ எடுக்கும் நிறத்தில்தான் அந்தச் சேலை இருக்கும். செத்தவளுக்கு வாழ்கிறவளின் நிறத்தைக் கொடுப்பதில் ஒரு சமாதானப் பேச்சு இருக்கிறது: உனக்குக் கிடைக்காமல் போனதை ஆண்டுதோறும் தருகிறோம், எங்களை விட்டுவிடு என்று. பயமும் பாசமும் ஒரே முந்தானையில் முடிந்திருக்கின்றன. வெள்ளைச் சேலைப் பேய்க்கு இந்த இரண்டாவது இழை கிடையாது.

இங்கே சிவகாசியைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. தீப்பெட்டி லேபிளுக்கும் வெடி உறைக்கும் வந்த அச்சுத் தொழில்தான் பிறகு காலண்டர்களாகவும் சினிமாச் சுவரொட்டிகளாகவும் நாடெங்கும் போனது. ஒரே ஊரின் எந்திரங்களில் அம்மனும் அச்சானாள், பேய்ப்படத்துச் சுவரொட்டியும் அச்சானது. அந்தக் காலண்டர் அம்மனுக்கு முகம் கொடுத்தவர்களில் முதல்வர் பக்கத்துக் கோவில்பட்டியில் இருந்த சி. கொண்டையராஜு. சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் இருந்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி, பிறகு காலண்டருக்கு வந்தவர். அவரும் அவர் சீடர்களும் எழுதிய தேவியரைப் பாருங்கள். நேருக்கு நேர் நிற்பார்கள். கன்னம் மெத்தென்று இருக்கும். காளியே ஆனாலும் உதட்டோரம் ஒரு கனிவு இருக்கும். காரணம் பக்தி மட்டும் என்று நான் நினைக்கவில்லை, வியாபாரமும்தான். உக்கிர தெய்வத்தின் படத்தை வீட்டில் மாட்டக் கூடாது என்ற நம்பிக்கை இருக்கிற நாட்டில், மளிகைக் கடைக்காரர் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் காலண்டரில் நாக்கு நீட்டிய தெய்வம் வந்தால் அதை யார் வாங்குவார்கள்? ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டு ஆல்பங்களைப் பிரிக்கும்போது ஏஜென்டுகள் புரட்டிப் பார்ப்பது சாந்த முகங்களைத்தான். இப்படி ஆண்டாண்டாக அம்மனிடமிருந்து வடித்தெடுத்த உக்கிரம் எங்காவது போக வேண்டுமல்லவா? அது திரைக்குப் போனது என்பது என் ஊகம். விரித்த கூந்தல், விழித்த கண், நெற்றி நிறைந்த குங்குமம், சிவப்புச் சேலை என்று காலண்டர் ஒதுக்கிவைத்த ஒவ்வொன்றையும் பேய்ப்படம் பொறுக்கிக்கொண்டது.

இந்த உருவம் தன்னளவில் பயங்கரமானது இல்லை என்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம். விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கலில் அக்கினிச் சட்டி ஏந்தி வரும் பெண்ணை அப்படியே ஒரு சட்டகத்தில் நிறுத்திப் பாருங்கள். மஞ்சள் நீரில் நனைந்த சேலை, அவிழ்ந்த தலை, கையில் தீ, எதையோ பார்க்கிற, எதையும் பார்க்காத கண். ஒலியை அணைத்துவிட்டால் எந்தப் பேய்ப்படத்தின் சுவரொட்டிக்கும் அது போதும். ஆனால் தெருவில் யாரும் ஓடுவதில்லை. குடம் குடமாகக் காலில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஆக, அச்சம் யார் கண் வழியாகப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. அம்மன் படங்களுக்கு இந்த நுட்பம் நன்றாகத் தெரியும். 1971இன் 'ஆதிபராசக்தி'யில் ஜெயலலிதாவின் தேவி பெரும்பாலும் கொண்டையராஜு பாணியில் நமக்கு நேராக நின்று அருள்கிறாள். 1995இல் தெலுங்கில் வந்த கோடி ராமகிருஷ்ணாவின் 'அம்மோரு' தமிழில் 'அம்மன்' ஆகி வந்தபோது, உச்சக் காட்சியில் ரம்யா கிருஷ்ணனின் கண்கள் வில்லனைப் பார்த்துத் திறந்தன. அவன் பார்வையில் அது பேய், அரங்கத்தின் பார்வையில் சாமி. ஒரே முகத்துக்கு ஒருவன் நடுங்கினான், ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

'காஞ்சனா' இந்த இரண்டு பார்வைகளையும் ஒரே உடம்பில் ஏற்றியது. பேய்க்குப் பயந்து அம்மா பக்கத்தில் படுக்கிற வளர்ந்த பையன், அவனுடைய அம்மா என்று படம் நம்மைச் சிரிப்பில் ஊறவைத்துவிட்டு, மெல்ல மஞ்சளை எடுக்கிறது. கோரைப் பல் இல்லை, ரத்தம் இல்லை. வீட்டுக் குளியலறையில் தினமும் இருக்கும் மஞ்சள், வளையல், சேலை. அம்மாவாக வரும் கோவை சரளாவின் முகத்தில் சிரிப்பு எந்த நொடியில் உறைகிறது என்று மட்டும் கவனித்தால் போதும். ஒரு பொருள் கூட அந்நியமில்லாத காட்சியில் பயம் எப்படிக் கட்டப்படுகிறது என்பது விளங்கும். வெள்ளைச் சேலைக்காரி வெளியிலிருந்து, சுடுகாட்டிலிருந்து, புளியமரத்திலிருந்து வர வேண்டும். இவள் பீரோவிலிருந்து வருகிறாள். ஆணுக்குச் சேலை கட்டிவிட்டு அதைப் பார்த்துப் பயப்படச் சொல்வது திருநங்கையரை இழிவுபடுத்துவது என்ற கண்டனம் லேசானது இல்லை. முதல் பாதியின் சில சிரிப்புகளுக்கு நானும் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் பிற்பாதியில் படம் அந்தச் சேலையை உரியவரிடம் ஒப்படைக்கிறது. சரத்குமாரின் காஞ்சனா பெற்றவர்களால் துரத்தப்பட்டவர், ஒரு முஸ்லிம் பெரியவரால் வளர்க்கப்பட்டவர், இன்னொரு திருநங்கையை டாக்டருக்குப் படிக்கவைத்தவர், ஆஸ்பத்திரிக்கு வாங்கிய நிலத்துக்காகக் கொல்லப்பட்டவர். அவர் வந்த பிறகு, முதல் பாதியில் நாம் எதைப் பார்த்துப் பயந்தோம் என்ற கேள்வி நம் பக்கம் திரும்புகிறது. கடைசியில் கோயிலுக்குள் ஒளிந்த கொலைகாரனைத் தேடி வந்த பேய் வாசலில் நின்று தெய்வத்திடம் நியாயம் கேட்கும்போது, சிவப்புக்குச் சிவப்பு எதிரெதிரே நிற்கிறது. சீலைக்காரியின் கதை முழுவதும் அந்த வாசலில் இருக்கிறது: பேயாக வந்தவளை உள்ளே விடுவதா, வெளியே நிறுத்துவதா?

அலங்காரமே அச்சம் என்பதை 'சந்திரமுகி' முன்பே தொட்டிருந்தது. 'மணிச்சித்திரதாழி'ன் ஷோபனாவை உயர்த்திப் பேசுகிறவர்களோடு நடிப்பில் நான் வாதாடவில்லை, அது தோற்கும் வழக்கு. ஆயினும் ஜோதிகா மையெழுதி, நகை பூட்டி, சலங்கை கட்டி நிற்கும்போது, தன்னை அழகாக்கிக்கொள்ளும் ஒரு பெண்ணைப் பார்த்து ஒரு வீடே நடுங்குகிறது என்ற விந்தையைப் பி. வாசு தெளிவாகவே எடுத்தார். பெண்ணியர்கள் கேட்கும் கேள்வி இங்கே வரும். உயிரோடு இருக்கும் பெண்ணுக்குக் கோபப்பட அனுமதி இல்லை. செத்தால் அல்லது சித்தம் கலைந்தால்தான் அனுமதி. அதையும் பூசாரியோ மருத்துவரோ கடைசியில் அடக்கிவிடுகிறார்கள். உண்மைதான். இந்தப் படங்கள் விடுதலைப் பத்திரங்கள் இல்லை. ஆனாலும் ஃபிளாஷ்பேக் இல்லாமல் தமிழ்ப் பேய்ப்படம் கிடையாது என்பதை ஒரு குறையாகவே பேசுகிறவர்களிடம் ஒன்று கேட்கலாம். அவளுக்கு என்ன நடந்தது என்று கடைசிவரை சொல்லாத மேலைப் படத்தை விட, அவள் தரப்பைக் கேட்க அரைமணி நேரம் ஒதுக்குகிற படம் எந்த விதத்தில் தாழ்ந்தது? என் குறை வேறு. அந்த அரைமணி நேரத்தில் வருகிறவள் பெரும்பாலும் காதலி, மனைவி, அரண்மனைப் பெண், நில உரிமைக்காரி. 2012 செப்டம்பரில் இதே வட்டாரத்து முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும் பட்டாசு ஆலை வெடித்துத் தொழிலாளர்கள் செத்தார்கள். அலுமினியப் பொடி கையில் வெள்ளியாகப் படிய, அறைக்குள் உட்கார்ந்து மருந்து அடைக்கும் பெண்ணைப் பேயாக்கிப் பார்க்க நம் கதாசிரியர்களுக்குத் தோன்றுவதில்லை. அவள் எழுந்து வந்தால் யார் வீட்டு வாசலில் நிற்பாள் என்ற யோசனை அவர்களுக்கு அசௌகரியமாக இருக்கும் போலிருக்கிறது. (லட்சுமி வெடியின் உறையில் இருக்கும் தெய்வப்படம் சிதறுவதைப் பற்றிக் கூட இதைவிட அதிகம் கவலைப்பட்டிருக்கிறோம்.)

இப்போது நடப்பது எனக்கு உவப்பாக இல்லை. லாரன்ஸே 2015இலும் 2019இலும் எடுத்த அடுத்த பாகங்களில் பேய்கள் கூடின, சத்தம் கூடியது, பீரோவிலிருந்து வந்த பயம் குறைந்தது. சுந்தர் சி.யின் 'அரண்மனை' வரிசையின் முதல் படத்தில், 2014இல், ஹன்சிகாவின் செல்விக்கு ஒரு ஊர் இருந்தது, ஒரு அம்மன் இருந்தாள். பேய்க்கும் அம்மனுக்கும் ஒரு உறவு இருந்தது. 2024இன் நான்காம் பாகத்துக்கு வரும்போது அம்மன் தனி இலாகா. குஷ்புவும் சிம்ரனும் ஆடும் பாட்டு ஒன்று, பிரம்மாண்டம் ஒன்று, மணிக்கூண்டு முள் போலச் சரியாகக் கடைசி இருபது நிமிடத்தில் அருள். தமன்னா செய்த தாய்ப்பேயில் நல்ல தருணங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவளும் அந்த அம்மனும் ஒரே படத்தில் இருப்பதாகவே தெரியவில்லை. மற்றவர்கள் 'கான்ஜுரிங்' பார்த்துவிட்டு வெளிறிய முகம், கறுத்த கண்குழி, வாய் கிழிய ஒரு அலறல் என்று பேய்க்கு ஒப்பனை போடுகிறார்கள். கலர் கிரேடிங்கில் எல்லாவற்றுக்கும் ஒரே பச்சை நீலம் பூசிவிடுவதால் சிவப்புக்கும் இடமில்லை, வின்சென்டின் வெள்ளைக்கும் இடமில்லை. படம் முடிந்து வெளியே வருகிறவரைக் கேட்டுப் பாருங்கள்: கிராபிக்ஸ் எப்படி என்று சொல்வார், எந்த இடத்தில் தூக்கிவாரிப் போட்டது என்று சொல்வார். பேய் என்ன நிறத்தில் சேலை கட்டியிருந்தது என்று கேட்டால் யோசிப்பார்.